மறைந்த இசிலாவும் ரைஸ் பெருமகனாரும்

கொள்ளேகாலுக்கு வெகு வடக்கே, சித்திரதுர்க்க மாவட்டத்தில் பிரம்மகிரிக் குன்று உள்ளது. அதன் சாரலில் மறைந்துபோனதாகக் கருதப்படும் இசிலா நகரை உலகறியச் செய்தவர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ்.

1837இல் பெங்களூரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், கல்வித்துறையில் பணியாற்றிப் பின்னர் மைசூர்த் தொல்பொருள் துறைத் தலைவரானார். ஊர் ஊராகத் திரட்டிய ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகளை ‘எபிகிராபியா கர்னாடிகா’ என்னும் 12 தொகுதிகளாக வெளியிட்டார்.

1892இல் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய மூன்றிடங்களிலும் அசோகரின் பாறைச் சாசனங்களைக் கண்டார். அதுவரை இத்தனை தெற்கே அசோகர் சாசனம் எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை. இசிலாவின் மகாமாத்திரர்களுக்கு விடுக்கப்பெற்ற அவை, தாய் தந்தையரைப் பணிதல், உயிரிரக்கம், வாய்மை, ஆசிரியரைப் போற்றுதல் ஆகியவற்றை வற்புறுத்துகின்றன. தாம் உபாசகரான தொடக்கத்தில் போதிய முயற்சி செய்யவில்லை என்பதையும், சங்கத்தை அணுகிய பின்னரே ஊக்கமுற்றதையும் பேரரசர் ஒளியாது உரைக்கின்றார். புதிதாகத் தம்மத்தைத் தழுவியோர்க்கு இதனினும் ஆறுதலான செய்தி வேறுண்டோ!

ரைஸ் 1927இல் இங்கிலாந்தில் மறைந்தார். 1947இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, பிரம்மகிரியில் பண்டைக் குடியிருப்பு வெளிப்பட்டது. பாதிரியாரின் மைந்தர் தேடித் தந்த தம்மலிபியைக் கற்று ஒழுகுதல் நம் கடன்.