ஒதுக்கி வைத்த சேர்மம் மருந்தான கதை

பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கும் எனக்கு, பாடத்தில் வரும் மருந்துகளைவிட அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் வாழ்க்கையே அதிகம் மனத்தில் நிற்கிறது. அவர்களுள் ஒருவர் லியோ ஸ்டெர்ன்பாக். மனப்பதற்றத்துக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் வேலியம் மாத்திரையை உலகுக்குத் தந்தவர் இவர்தான்.

1908ஆம் ஆண்டு, இன்றைய குரோவேஷியாவின் கடலோர ஊர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருந்துக்கடைக்காரர். போலந்தின் கிராக்கோவ் நகரில் படித்து, 1931இல் வேதியியலில் முனைவரானார். அங்கே சாயம் தயாரிக்க உதவுமா என்று சில சேர்மங்களை ஆராய்ந்தார். உதவவில்லை.

பின்னர் சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கியிருந்த 1941இல், நிறுவனம் அவரையும் மனைவியையும் அமெரிக்காவின் நியூஜெர்சிக்கு அனுப்பிவைத்தது.

அந்தக் காலத்தில் பதற்றத்துக்குக் கொடுக்கப்பட்ட பார்பிச்சுரேட் மருந்துகள் அளவு மிஞ்சினால் உயிரையே பறித்தன. 1955இல் மில்டவுன் என்ற புதிய மாத்திரை அமோகமாக விற்பனையானது. அதற்குப் போட்டியாக ஒரு மருந்தைத் தேடும் பணி ஸ்டெர்ன்பாக்கிடம் வந்தது. கிராக்கோவில் கைவிட்ட பழைய சேர்மங்களையே அவர் மீண்டும் கையில் எடுத்தார். ஏறத்தாழ 40 வகைகளைச் செய்து பார்த்தும் பலனில்லை. மேலதிகாரிகள் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டனர்.

1957இல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்தபோது, சோதிக்கப்படாமல் கிடந்த ஒரு சேர்மம் உடன் பணியாற்றிய ஏர்ல் ரீடரின் கண்ணில் பட்டது. குப்பையில் போடாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். அதைக் கொடுத்த விலங்குகள் விழிப்போடு இருந்தபடியே அமைதியடைந்தன. அதுவே 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் வெளிவந்தது. அதை மேம்படுத்தி அவர் உருவாக்கிய வேலியம் 1963இல் வந்தது.

மூளையின் பரபரப்பைத் தணிக்க 'காபா' என்ற வேதிப்பொருள் நம் உடலிலேயே இருக்கிறது. இம்மருந்துகள் அதன் வேலையை வலுப்படுத்துகின்றன.

ஆனால் வெற்றிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1978இல் மட்டும் அமெரிக்காவில் 200 கோடிக்கும் மேற்பட்ட வேலியம் மாத்திரைகள் விற்பனையாயின. நீண்ட நாள் உட்கொண்ட பலரால் அதை விட முடியவில்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயமும் உண்டு. அதனால்தான் இன்று பெரும்பாலும் குறுகிய காலத்துக்கு மட்டுமே, மருத்துவரின் கண்காணிப்பில் தருகிறார்கள்.

1973இல் ஓய்வுபெற்ற பிறகும் ஸ்டெர்ன்பாக் பல ஆண்டுகள் அலுவலகம் சென்று வந்தார். 2005இல், 97ஆவது வயதில் காலமானார்.

விடாமுயற்சிக்கு மட்டும் அவர் வாழ்க்கையை உதாரணம் காட்டிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. தேர்வுக்கு முதல் நாள் தூக்கம் வரவில்லை என்று தோழி நீட்டும் மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து ஒளித்து வைப்பதும் ஆபத்துதான். பதற்றம் படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.