சேலத்து முதலாளி டி. ஆர். சுந்தரம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அஸ்தம்பட்டி வழியாக ஏற்காடு மலையை நோக்கிப் போனால், சாலையோரத்தில் பழைய வளைவு ஒன்று தெரியும். அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் ராஜாக்களும், ராணிகளும், நாற்பது திருடர்களும் நடமாடினார்கள். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ. அதைக் கட்டி ஆண்டவர் டி. ஆர். சுந்தரம்.

1907-ம் வருஷம் திருச்செங்கோட்டில் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் நுட்பம் படித்தார். கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்து ஊர் திரும்பினார். மில் முதலாளி ஆகியிருக்க வேண்டியவர், சினிமா முதலாளி ஆனார். 1935-ல் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1937-ல் முதல் படம் 'சதி அகல்யா' வெளிவந்தது.

அந்த நாளில் படமுதலாளிகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஊமைப்பட காலத்தில் எழுத்து அட்டைகளை மாற்றினால் போதும், படம் எந்தச் சீமையிலும் ஓடும். 1931-ல் படம் பேசத் தொடங்கியதும் மொழி வேலி முளைத்துவிட்டது. பிலிமில் குறை கிடையாது. 35 மில்லிமீட்டர் பிலிம், வினாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கு உலகமெங்கும் ஒன்றுதான். சேலத்தில் எடுத்த ரீலைக் கொழும்பிலும் ஓட்டலாம், லண்டனிலும் ஓட்டலாம். மெஷின் ஏற்றுக்கொள்ளும், ஜனங்களின் காதுதான் ஏற்காது.

சுந்தரம் இந்த வேலியைத் தாண்டத் துணிந்தார். 1938-ல் அவர் தயாரித்த 'பாலன்'தான் மலையாளத்தின் முதல் பேசும் படம். டைரக்டர் நொட்டானிக்கு மலையாளம் தாய்மொழியல்ல. ஸ்டூடியோ இருந்ததோ தமிழ்நாட்டில். பணம் போட்டவரின் நெஞ்சுரத்தை எண்ணிப் பாருங்கள்! பிறகு தெலுங்கு, கன்னடம், சிங்களம் என்று சேலத்திலிருந்து படங்கள் போயின. 1952-ல் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். ராட் காமெரான், சீசர் ரொமெரோ ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் வந்து நடித்தார்கள். அங்கே அது 'தி ஜங்கிள்', இங்கே 'காடு'.

1956-ல் எம். ஜி. ஆர்., பானுமதி நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. தமிழின் முதல் முழு நீளக் கலர்ப் படம். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு' மூலம் மலையாளத்துக்கும் முதல் கலர்ப் படத்தைத் தந்தார்.

ஸ்டூடியோவில் கண்டிப்பு அதிகம். நேரம் தவறுவது அவருக்கு ஆகாது. சென்னையில் பெயர் வாங்கிய நட்சத்திரங்களும் சேலத்துக்கு ரயிலேறி வந்தார்கள். 'மந்திரி குமாரி'க்குக் கருணாநிதி வசனம் எழுதியது இங்கேதான். ஸ்டூடியோ நடத்திய 'சண்டமாருதம்' பத்திரிகைக்குக் கண்ணதாசன் ஆசிரியராக இருந்தார்.

1963 ஆகஸ்டில் சுந்தரம் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. மகன் ராமசுந்தரம் சில காலம் நடத்தினார். பின்னர் அரங்குகள் மறைந்தன.

படங்கள் மறையவில்லை, டி.வி.டி.யில் ஏறின. அங்கேதான் ஒரு வேடிக்கை! அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைக்கு இங்கிருந்து பெற்றோர் வீட்டிலேயே பதிந்து அனுப்பிய தகடு, அங்கே பல கருவிகளில் ஓடவில்லை. காது ஏற்றுக்கொண்டது, இந்தத் தடவை மெஷின் மறுத்தது.

காரணம் சுலபமானது. இந்தியாவின் டெலிவிஷன் முறை 'பால்': 576 வரி, வினாடிக்கு 25 பிரேம். அமெரிக்காவின் 'என்.டி.எஸ்.சி.' முறையில் 480 வரி, ஏறக்குறைய 30 பிரேம். கடையில் விற்கும் தகடுகளில் பிரதேசப் பூட்டு வேறு உண்டு. வீட்டில் பதிந்த தகட்டில் அந்தப் பூட்டு கிடையாது. முறையை மட்டும் மாற்றினால் போதும். தகட்டில் பதிவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் வரிகளையும் பிரேம்களையும் அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது பழைய 24 பிரேம்களை, ஒன்றை இரண்டு அரைப்படமாகவும் அடுத்ததை மூன்று அரைப்படமாகவும் மாற்றி மாற்றிக் காட்டி நிரவுவார்கள். படத்தின் வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

நம் முறையில் 24-ஐ 25 ஆக ஓட்டிவிடுவதே வழக்கம். அதனால் இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிஷம் முந்தியே முடிந்துவிடும். பானுமதியின் குரலும் சுருதி சற்று ஏறியே கேட்கும்.