சீன மண்ணில் உயிர்நீத்த டாக்டர் கோட்னிஸ்

புது தில்லி: 1962 எல்லைப் போருக்குப் பிறகும் இந்தியா, சீனா ஆகிய இரு நாடுகளிலும் மதிப்பிழக்காத பெயர்களுள் ஒன்று, டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ்.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் 1910-ல் பிறந்த கோட்னிஸ், மும்பையில் மருத்துவம் பயின்றார். ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட சீனத் தளபதி சூ தே, மருத்துவ உதவி கோரி ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் நிதி திரட்டினார். 1938-ல் ஐந்து மருத்துவர்கள் சீனாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் ஒருவர் கோட்னிஸ்.

1939-ல் யெனான் சென்றடைந்து, கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப் படையில் பணியாற்றினார். தந்தை மறைந்த செய்தி கிடைத்தபோதும் காயமுற்ற வீரர்களை விட்டுவிட்டு ஊர் திரும்ப அவர் உடன்படவில்லை. 1940-ல் நடந்த போர் ஒன்றில் 72 மணி நேரம் உறக்கமின்றி அறுவைச் சிகிச்சை செய்தார். 1941-ல் பெத்யூன் சர்வதேச அமைதி மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு, செவிலியர் குவோ சிங்லானை மணந்தார்.

1942 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு, இந்தியாவையும் சீனாவையும் குறிக்கும் யின்ஹுவா என்ற பெயர் சூட்டப்பட்டது. நான்கே மாதங்களில், டிசம்பர் 9-ல், வலிப்பு நோயால் கோட்னிஸ் காலமானார். அப்போது வயது 32. குழுவின் மற்ற நால்வரும் தாயகம் திரும்பினர்.

அவரது கதையை 1946-ல் வி. சாந்தாராம் திரைப்படமாக்கினார். சீனாவின் ஷிஜியாசுவாங் நகரத் தியாகிகள் மயானத்தில் அவரது கல்லறை உள்ளது. 2006-ல் இந்தியா வந்த சீன அதிபர் ஹூ ஜிண்டாவோ, மும்பையில் கோட்னிஸ் குடும்பத்தினரைச் சந்தித்தார். எல்லைப் பிரச்னை தீராத நிலையிலும், 32 வயதில் மறைந்த மருத்துவரின் நினைவை இரு தரப்பும் கைவிடவில்லை.