சோடா விற்றுப் பல் கல்லூரி நடத்திய டாக்டர் அகமது

தேனி மாவட்டத்தில், குமுளி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர்கேம்ப். அங்கே பென்னிகுயிக் யார் என்று சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி, 1895-ம் ஆண்டு கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வரச் செய்த என்ஜினீயர் அவர். அவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ந்தேதி மக்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

தண்ணீர் தந்தவரை ஊர் மறக்கவில்லை.

அதே ஊரில் ஒரு குழந்தைக்குப் பல் கோணலாக முளைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஏறிப் போனால், முறைப்படி படித்த பல் டாக்டரைப் பார்க்கலாம். கம்பி கட்டிப் பல்லை வரிசைப்படுத்தலாம். 100 ஆண்டுகளுக்கு முன்பு இது நடக்கிற காரியமா? பல் டாக்டருக்குப் படிக்க இந்தியாவில் ஒரு கல்லூரிகூட இல்லாத காலம் இருந்தது.

அந்தக் குறையைப் போக்கியவர் டாக்டர் ரபியுதீன் அகமது. அவரை இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்கிறார்கள். அவர் பெயர் நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கப்பல் ஏறினார்

1890-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ந்தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார் அகமது. அந்தப் பகுதி இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. அலிகாரில் படித்தார். பிறகு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

பல்லுக்கென்று தனிப் படிப்பா என்று நம் நாட்டில் பலரும் வியந்த காலம் அது. பல் வலித்தால் கிராம்பை வைத்துக் கடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்கி எறிவார்கள். வைத்தியம் அத்தோடு முடிந்தது. பிடுங்குவதற்குப் படிப்பு எதற்கு என்றே நினைத்தார்கள்.

அகமது அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915-ம் ஆண்டு பல் டாக்டர் பட்டம் பெற்றார்.

குழந்தைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி

பட்டம் வாங்கியதும் அவர் பாஸ்டன் நகரத்துக்குப் போனார். அங்கே 1914-ம் ஆண்டு திறக்கப்பட்ட பார்சைத் பல் ஆஸ்பத்திரி இருந்தது. அது குழந்தைகளுக்காகவே கட்டப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போகலாம். அங்கேதான் அகமது வேலை பார்த்தார்.

பல் கெட்ட பிறகு பிடுங்குவதல்ல, கெடுமுன் காப்பதுதான் அந்த ஆஸ்பத்திரியின் நோக்கம். அதைச் சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

கோணல் பல்லை நேராக்கும் கலையும் அமெரிக்காவில் அப்போது வேகமாக வளர்ந்து வந்தது. எட்வர்டு ஆங்கிள் என்ற பல் டாக்டர், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்துக் கோணல்களை வகை பிரித்தார். அது 1899-ம் ஆண்டு. மறு ஆண்டே அந்தக் கலைக்கென்று செயிண்ட் லூயிஸ் நகரில் ஒரு பள்ளியும் தொடங்கினார். இன்றும் டாக்டர்கள் அந்த வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

பால் பல் என்ன வேலை செய்கிறது?

குழந்தையின் வாயில் பால் பற்கள் மொத்தம் 20. விழப்போகிற பல்தானே என்று அவற்றைப் பெற்றோர் அலட்சியம் செய்வது உண்டு. அது தவறு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? பால் பல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. பின்னால் வரப்போகிற நிலைப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது.

சொத்தை விழுந்து பால் பல் காலத்துக்கு முன்பே போய்விட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். நிலைப் பல் வரும்போது இடம் இருக்காது. அது கிடைத்த சந்தில் முளைக்கும். தெத்துப்பல் உண்டாக இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. ஆகவே அதையும் பால் பல் என்று தாய்மார்கள் எண்ணிவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். போனால் மறுபடி முளைக்காது.

சோடாக் கடை

முதல் உலகப் போர் 1918-ம் ஆண்டு முடிந்தது. மறு ஆண்டு அகமது இந்தியா திரும்பினார். கல்கத்தாவில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்தால், அமெரிக்கப் பட்டத்துக்குப் பணம் குவிந்திருக்கும்.

ஆனால் ஒரு டாக்டர் எத்தனை வாயைப் பார்க்க முடியும்? டாக்டர்களை உண்டாக்கினால்தான் நாட்டுக்குப் பயன். 1920-ம் ஆண்டு கல்கத்தாவில் அவர் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுதான்.

கல்லூரி நடத்தப் பணம்? அதற்கு அவர் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. நியூயார்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் ஒரு குளிர்பானக் கடை திறந்தார். அதில் வந்த வருமானத்தைக் கல்லூரிக்குச் செலவிட்டார். இனிப்பு பல்லுக்கு ஆகாது. ஆனால் இனிப்புத் தண்ணீர் விற்ற காசுதான் இந்தியாவின் முதல் பல் கல்லூரியைத் தாங்கியது!

முதலில் மாணவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் வந்தார்கள். அகமது மனம் தளரவில்லை. 1925-ம் ஆண்டு பல் மருத்துவத்துக்கென்று பத்திரிகை ஆரம்பித்தார். மாணவர்களுக்காக 1928-ம் ஆண்டு பாடப் புத்தகம் எழுதினார்.

பெண்களும் அங்கே படித்தார்கள். முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அவர்களில் ஒருவர். அவர் 1923-ம் ஆண்டு பம்பாயில் சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி தொடங்கினார்.

பெற்ற பிள்ளையைத் தாரை வார்த்தார்

முறையாகப் படிக்காதவர்கள் பல் வைத்தியம் செய்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அகமது பாடுபட்டார். 1939-ம் ஆண்டு வங்காளத்தில் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1948-ம் ஆண்டு வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு அவர் செய்ததுதான் பெரிய காரியம். சுமார் 30 ஆண்டுகள் பிள்ளைபோல் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்காள அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். இன்று அது டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

1950-ம் ஆண்டு முதல் 1962-ம் ஆண்டு வரை மேற்கு வங்காளத்தில் மந்திரியாக இருந்தார். 1964-ம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. மறு ஆண்டு அவர் காலமானார். கோணல் பல்லைச் சீராக்கும் டாக்டர்களுக்கென்று இந்தியாவில் தனிச் சங்கம் தோன்றியதும் அதே 1965-ம் ஆண்டுதான்.

அகமது ஏற்றிய விளக்கு தெற்கேயும் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953-ம் ஆண்டு பல் மருத்துவப் பிரிவு ஏற்பட்டது. இன்று மதுரையிலேயே பல் கல்லூரிகள் இருக்கின்றன. டிசம்பர் 24-ந்தேதி இந்தியாவில் பல் டாக்டர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஏழு வயதில் ஒரு தடவை

இத்தனை பேர் பாடுபட்டு டாக்டர்களை உண்டாக்கியும், குழந்தையை நாம் அழைத்துப் போகாவிட்டால் என்ன பயன்?

ஏழு வயதுக்குள் ஒரு தடவை பல் வரிசையைக் காட்டிவிடுவது நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். காட்டியதும் கம்பி கட்டிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வயதில் எதுவும் செய்ய வேண்டியிருக்காது. எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். கோரைப்பல் முளைத்து வரும்போது பலருக்கு அது தானாகவே மூடிக்கொள்ளும்.

சிலவற்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மேல் முன்பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய்க் கடித்தால் உடனே காட்ட வேண்டும். நான்கைந்து வயதுக்கு மேலும் விரல் சூப்பினால், அடித்துத் திருத்தாமல் அன்பாக நிறுத்த வேண்டும். இல்லையேல் முன்பற்கள் வெளியே தள்ளும். குழந்தை எப்போதும் வாயைத் திறந்தபடியே தூங்கினால் மூக்கையும் தொண்டையையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பால் கடைவாய்ப்பல் சீக்கிரம் போய்விட்டால், அந்த இடம் மூடாதபடி சின்னக் கம்பி ஒன்றை டாக்டர் பொருத்துவார்.

காலத்தில் பார்த்தால் சிறு வேலையோடு முடியும். தள்ளிப்போட்டால் பல்லைப் பிடுங்கி, ஆண்டுக்கணக்கில் கம்பி கட்ட நேரலாம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற குழந்தையின் வருத்தம் அதைவிடப் பெரிது.

மடை திறந்துவிட்டால் போதாது. வயலுக்கு நீர் பாய்ச்சுவது உழவன் கையில் இருக்கிறது. டாக்டர் அகமது மடையைத் திறந்துவிட்டுப் போனார். மீதி வேலை பெற்றோருடையது.