கட்சி பெரிதா, உழைப்பவன் பெரிதா?

தோழர்களே, நியூயார்க்கில் ஒரு விமான நிலையத்துக்கே லாகார்டியா பெயர்தான். யார் அவர்? 1882-இல் பிறந்தவர், குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. வக்கீலாகித் தையல் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். முதல் உலகப் போரிலே குண்டு விமானம் ஓட்டினார்.

1932-இல் செஞ்சுரி விமானக் கம்பெனி முதலாளி கார்ட், விமானிகளின் சம்பளத்தை வெட்டினார். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேலை இல்லை! விமானிகள் சங்கத்துக்கு அப்போ ஒரு வயசுகூட நிறையவில்லை. லாகார்டியாவோ முதலாளிமார் செல்வாக்குள்ள குடியரசுக் கட்சிக்காரர். ஆனாலும் காங்கிரஸ் சபையிலே எழுந்து விமானிகளுக்காக வாதாடினார்.

அதே ஆண்டு செனட்டர் நாரிசோடு சேர்ந்து, சங்கத்தில் சேரமாட்டேனென்று எழுதிவாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார். துவளவில்லை, 1934-இல் நியூயார்க் மேயரானார். 1947-இல் மறைந்தார்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கொடியின் நிறத்தைப் பார்க்காதீங்க. நமக்காகச் சபையிலே எழுந்து நின்னாரா? அதைக் கேளுங்க.