தினமும் ஒரு கறுப்புப் புள்ளி: பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் பழக்கங்களை மாற்றப் பார்த்தது எப்படி?

புத்தாண்டு அன்று டவுன்லோடு செய்த பழக்கவழக்க ஆப் இப்போது உங்கள் மொபைலில் எந்த மூலையில் இருக்கிறது? தெரியவில்லையா? கவலை வேண்டாம். கிட்டத்தட்ட 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருத்தர் இதைப் பேப்பரில் செய்து பார்த்தார். அவருக்கும் பாதிதான் பலித்தது.

யார் இவர்?

1706-ல் பாஸ்டனில் பிறந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்ற அப்பாவுக்கு மொத்தம் 17 பிள்ளைகள். 10 வயதில் படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே சண்டை, அடி. 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிவிட்டார். பின்னாளில் அச்சக முதலாளி, விஞ்ஞானி, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்.

அடுத்தவர் பணத்தில் கை வைத்த கதை

இளம் வயதில், வெர்னன் என்பவர் தனக்கு வரவேண்டிய சுமார் 35 பவுண்டை வசூல் செய்து வைத்திருக்கச் சொன்னார். ஃபிராங்க்ளின் வசூலித்தார். ஆனால், குடிப்பழக்கம் உள்ள நண்பன் கேட்கக் கேட்க அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். பணம் திரும்பி வரவேயில்லை.

சில வருடம் கழித்து வெர்னன் விசாரித்தபோது, கடனை ஒப்புக்கொண்டு கொஞ்சம் அவகாசம் கேட்டார். முடிந்ததும் வட்டியோடு அடைத்தார். நண்பன் மீது பழி போட்டிருக்கலாம். ஆனால் சுயசரிதையில் அதைத் தன் தப்பாகவே எழுதினார். வாழ்க்கையில் செய்த இதுமாதிரி தப்புகளுக்கு அவர் வைத்த பெயர், அச்சுப்பிழை. அச்சுக்காரர் இல்லையா? பிழையை ஒப்புக்கொண்டால்தான் திருத்த முடியும் என்பது தொழில் சொல்லிக்கொடுத்த பாடம்.

நோட்டு எப்படி வேலை செய்தது?

இருபதுகளில் இருந்தபோது 12 நல்ல குணங்களைப் பட்டியல் போட்டார். நீ ரொம்பத் தலைக்கனம் பிடித்தவன் என்று ஒரு நண்பர் முகத்துக்கு நேரே சொல்ல, 13-வதாகப் பணிவும் சேர்ந்தது.

ஒரு பக்கத்தில் 7 கட்டம், வாரத்தின் 7 நாளுக்கு. கீழே 13 வரிசை. ராத்திரி உட்கார்ந்து, எதில் தவறினாரோ அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இன்றைய ஆப்கள் ஜெயித்த நாளுக்கு டிக் போடுகின்றன. இவர் தோற்ற நாளுக்குத்தான் குறி போட்டார்.

13-ஐயும் ஒரே நேரத்தில் பிடிக்கவில்லை. வாரத்துக்கு ஒன்றில்தான் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு 4 சுற்று. முதலில் வைத்தது சாப்பாட்டிலும் குடியிலும் அளவு. தலை தெளிவாக இருந்தால்தான் மற்றது நடக்கும் என்ற கணக்கு.

புள்ளிகளை அழித்து அழித்தே பேப்பர் ஓட்டையானது. பிறகு ஈரம் தொட்டுத் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார்.

ஜெயித்தாரா?

ஒழுங்கில் தோற்றார். பொருளை எடுத்த இடத்தில் வைப்பதும் நேரப்படி நடப்பதும் கடைசிவரை கைகூடவில்லை. பணிவு வெளித்தோற்றத்துக்கு வந்தது, உள்ளே வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும், முயற்சி செய்யாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்ல மனிதனாக, சந்தோஷமாக இருந்ததாக 78 வயதில் எழுதினார்.

நோட்டில் விழாத புள்ளி

அந்தப் பட்டியலில் நீதியும் ஒரு வரிசை. ஆனால், அவர் நடத்திய பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வந்தன. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். ஊரே சரி என்று ஏற்றுக்கொண்ட தப்புக்கு எந்த நோட்டிலும் புள்ளி விழாது.

இந்தத் திருத்தம் ரொம்பத் தாமதமாக வந்தது. 1787-ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமைமுறைக்கு எதிராக நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 17-ல், 84 வயதில் இறந்தார்.

நாடாளுமன்றம் அந்த மனுவை ஏற்று நடவடிக்கை எடுக்கவில்லை. எல்லா அச்சுப்பிழையையும் 35 பவுண்டு மாதிரி வட்டியோடு அடைத்துவிட முடியாது. அதனால்தான் ராத்திரிக் கணக்கைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. அதோடு, நம் பட்டியலில் எந்த வரிசை விட்டுப்போயிருக்கிறது என்றும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.