கேர்ட்றூட் எலியன் (1918 – 1999)

மாணவர்களே, நோய்க்கிருமிகளை வெண்குழியங்கள் அழிப்பதை நீங்கள் விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். வேறொருவரிடமிருந்து பெற்றுப் பொருத்திய ஈரலையும் சிறுநீரகத்தையும் கூட அவை அந்நியப் பொருளாகவே கருதித் தாக்குகின்றன. சத்திரசிகிச்சை நன்கு நடந்தாலும் உறுப்பு பழுதாகிவிடும். இத்தாக்குதலை அடக்கும் மருந்துக்கு வழிதிறந்தவர்களுள் ஒருவரே கேர்ட்றூட் எலியன்.

இவர் 1918 ஜனவரி 23 இல் நியூயோர்க்கில் பிறந்தார். தந்தையார் பல் வைத்தியர். 1929 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் செல்வத்தை இழந்தவர். எலியனுக்கு 15 வயதானபோது பேரனார் வயிற்றுப் புற்றுநோயால் துன்புற்று இறந்தார். இந்நோய்க்கு மருந்து காணவேண்டும் என்ற எண்ணமே இவரை இரசாயனவியலுக்கு இட்டுச்சென்றது. கட்டணம் அறவிடாத ஹன்ரர் கல்லூரியில் பயின்று 1937 இல் சிறப்பாகச் சித்தியெய்தினார்.

துன்பம் அதன் பின்னரே தொடங்கியது. மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்ட இடமெல்லாம் கைவிரித்தன. ஆய்வுகூடங்கள் பெண்ணுக்கு வேலை தரத் தயங்கின. சிறிது காலம் சம்பளமின்றியே ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தார். பகலில் பாடசாலையில் கற்பித்து, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து, 1941 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். உலகப் போரினால் ஆண்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோதுதான் கதவு திறந்தது. அப்போதும் முதலில் கிடைத்தது, ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை!

1944 இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸின் உதவியாளரானார். மாலை நேரத்தில் கலாநிதிப் பட்டத்துக்கும் படித்தார். முழுநேரமாகப் படிக்கவேண்டும் எனப் பணிக்கப்பட்டபோது, பட்டத்தை விட்டு ஆய்வைத் தெரிந்தார். துணிவான முடிவுதான்.

இவர்களின் ஆய்வுமுறையை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். கலம் பெருகுவதற்கு டி.என்.ஏ. தேவை, அதனை ஆக்கப் பியூரின் என்னும் பொருள் வேண்டும். பியூரினைப் போன்ற போலிப் பொருளொன்றைக் கொடுத்தால் கலம் ஏமாந்து பெருகாது நின்றுவிடும். பூட்டினுள் சென்று சிக்கிக்கொள்ளும் கள்ளத் திறப்பைப் போன்றது இது. இவ்வாறு உருவான 6-மேர்கப்ரோபியூரின், 1953 முதல் சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டது.

பெருகும் வெண்குழியங்களையும் இது தடுக்குமன்றோ? 1950களின் இறுதியில் பொஸ்ரனில் முயல்களில் சோதித்தபோது அவ்வாறே நிகழ்ந்தது. 1960 இல் இங்கிலாந்தின் ரோய் கான், சிறுநீரகம் மாற்றப்பட்ட நாய்களில் இதனைப் பயன்படுத்தினார். இதன் திருத்திய வடிவமாக எலியனும் ஹிச்சிங்ஸும் ஆக்கியதே அசதயோபிறின். இதன் துணையால் 1962 இல் பொஸ்ரனில், இறந்தவரின் சிறுநீரகம் ஒருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. ஈரல் எளிதில் வசப்படவில்லை. 1963 இல் தோமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக ஈரல் மாற்றிய சிறுவன் சத்திரசிகிச்சையின்போதே இறந்தான். 1967 இல்தான் ஈரல் மாற்றப்பட்ட ஒருவர் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். அசதயோபிறினுடன் வேறு மருந்துகளும் அவருக்கு வழங்கப்பட்டன. 1971 இல், எம்மவர்க்கும் பழக்கமான வேலூர் வைத்தியசாலையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடைபெற்றது.

பின்னர் சைக்கிளோஸ்போரின், தக்ரோலிமஸ் ஆகியன முதலிடம் பெற்றன. எனினும் அசதயோபிறின் இன்றும் பயன்படுகிறது. இம்மருந்துகளைப் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். நிர்ப்பீடனம் குறைவதால் தொற்றுநோய்கள் எளிதில் பற்றும்.

1988 இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் இடைநிறுத்திய கலாநிதிப் பட்டத்தை, அதே கல்வி நிறுவனம் 1989 இல் கௌரவப் பட்டமாக வழங்கியது. 1999 பெப்ரவரி 21 இல் அவர் காலமானார்.